இருக்கறதும் ஒரு குணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. போன இதழ்ல வந்த தத்துவக் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நிறம், எடை மாதிரி இருப்பும் ஒரு பொருளோட குணம்தான்னு எழுதியிருந்தாங்க, எனக்கு அது ஒத்துவரலீங்க.

நான் ஈரோட்டுல மஞ்சள் யாவாரம் பண்றவன். ஒரு வருசம் ஒருத்தர் மாதிரி கொண்டாந்து காட்டுனாரு, நல்ல நீள விரலி, ஒடச்சா டக்குனு சத்தம், உள்ள ஆரஞ்சு தட்டுன நிறம், நூறு மூட்ட இருக்குன்னாரு நானும் அட்வான்ஸ் குடுத்துட்டு குடோனுக்குப் போனா வெறும் தரையும் நாலு காலிச் சாக்கும்தான் கெடக்குது. அவரு சொன்ன நிறம், நீளம், காஞ்ச பதம் எதுலயும் கொற சொல்ல முடியாதுங்க, மஞ்சள்தான் இல்ல. இருப்பும் ஒரு குணம்னா, ஒரு குணம் கொறஞ்ச நூறு மூட்டயாவது அங்க கெடந்திருக்கணுமில்ல? ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1781ல எழுதுன புத்தகத்துல நூறு தாலர்ங்கற அந்தக்கால ஜெர்மன் காச வெச்சு இதத்தான் சொல்றாரு, நெசக் காசு நூறும் நெனப்புக் காசு நூறும் கணக்குல ஒண்ணுதான், கைல இருக்கறதுதான் வேற.

வெயில்பட்டு வெளுத்த மஞ்சளயும் வெல கொறச்சு மஞ்சள்னுதான் வாங்கறோம். நிறம் போனாலும் பொருள் நிக்குது, இருப்பு போனா என்ன நிக்கும்?

நம்ம பாசையே இத பிரிச்சு வெச்சிருக்குங்க. "இது மஞ்சள்"னு சொல்ல இருக்குங்கற வார்த்தையே வேண்டாம். மறுக்கறப்பவும் எழுத்துல "இது மஞ்சள் அல்ல" வேற, "இங்க மஞ்சள் இல்லை" வேற, பேச்சுலதான் ரெண்டயும் இல்லன்னு கலந்துட்டோம். அந்தக் கட்டுரையிலயும் அல்ல வரவேண்டிய எடத்துல எல்லாம் இல்லைன்னே வருது, பாத்து திருத்துங்க, இந்த விசயத்துல அது சின்னத் தப்பு கெடையாது.

உண்மைங்கறதே உள் கூட மை சேந்ததுதானே, வெண்மை செம்மை மாதிரி பண்புதானேன்னு கேக்கலாம். நானும் ரொம்ப யோசிச்சேன். ஆனா இன்மைக்கும் அதே மை தானுங்க, அந்த இல்லாத மூட்டைல இன்மைங்கற குணம் எது மேல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு? எங்க பெருந்துறை பக்கம் சீனாபுரத்துக்காரர்னு நாங்க சொல்ற பவணந்தி முனிவர் நன்னூல்ல பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில்னு பெயர ஆறா பிரிச்சாரு. குணத்துக்குத் தனிப் பேரு உண்டு, அதுக்காக வெண்மைய மட்டும் தனியா அள்ளி சாக்குல கட்ட முடியுமா?

குணமும், குணிங்கற அந்தக் குணத்த உடைய பொருளும் வேற வேற, சமவாயம்ங்கற பிரியாத ஒட்டுதான் சேத்து வெக்குதுன்னு வைசேஷிகர்ங்கற பழைய தத்துவக்காரங்க சொல்றாங்க, சைவ சித்தாந்திகளோ அப்படி இல்ல, அது தாதான்மியம், அதாவது சொல்ல ரெண்டானாலும் பொருள் ஒண்ணுதாங்கறாங்க. அடுத்த இதழ்ல அந்த வழக்க கொஞ்சம் விரிவா எழுதச் சொல்லுங்க.

மஞ்சள் வியாபாரி,
ஈரோடு