கட்டடத்துக்கு முன்னால் சந்தையைப் பாருங்கள்: மணப்பாறை நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மணப்பாறை நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், வணிகர் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நகராட்சித் திட்டம் என்றால் முதலில் பேச்சுக்கு வருவது கட்டடம்தான். பேருந்து நிலையம், வணிக வளாகம், வடிகால், சாலை. எல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது, அந்தப் பிழைப்பு நம் பிள்ளைகள் காலத்திலும் நிற்குமா என்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். மணப்பாறைச் சந்தைக்கு வந்து போகிற கிராமத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். வையம்பட்டி, மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு மழை பொய்த்த வருடத்தில் கைகொடுப்பது கட்டுத்தறியில் நிற்கும் மாடும் இந்தச் சந்தையும்தான்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது மாடு ஏற்றிய வண்டிகள் வர ஆரம்பித்தால் புதன்கிழமை வரை சந்தை ஓயாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் தரகர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கும் தொகை தெரியாது. நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடப்பதை. பணம் மடிக்கு வந்ததும் அந்த மனிதர் புதுக் கயிறும் சலங்கையும் வாங்குகிறார். ஓட்டலில் சாப்பிடுகிறார். உரக்கடைப் பாக்கியைக் கட்டுகிறார், அடகு நகையை மீட்கிறார், தவிடும் பருத்திக்கொட்டையும் வண்டியில் ஏற்றுகிறார், பிள்ளைகளுக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். ஒரு மாடு விற்ற காசு அன்று சாயங்காலத்துக்குள் பல கை மாறுகிறது, அத்தனை கையும் இந்த ஊர்க் கை. வெளியூர்ச் சங்கிலிக் கடையில் கொடுக்கும் காசு அப்படி இல்லை. வேலை செய்பவர் சம்பளமும் கட்டட வாடகையும் இங்கே தங்கும், மீதி வேறு ஏதோ நகரத்துக் கணக்குக்குப் போய்விடும். அந்தக் கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காசு ஊரில் சுற்றுகிறது, எது வெளியே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் திட்டம் போடக் கூடாது என்கிறேன்.

முதல் கோரிக்கை, சந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது நடந்திருக்கிறது. பழைய மார்க்கெட்டை இடிப்பார்கள், ஷட்டர் போட்ட வளாகம் எழும்பும், கடைகள் டெபாசிட்டோடு ஏலத்துக்கு வரும். தரையில் சாக்கை விரித்துக் கீரையும் கத்தரிக்காயும் விற்ற அம்மாவால் அந்த ஏலத்தில் நிற்க முடியாது. வளாகத்துக்கு வெளியே சாலையோரம் உட்காருவார், ஆக்கிரமிப்பு என்று எழுப்பிவிடுவார்கள். தரைக்கடைக்கும் ஒரு கூரை, கழுவிவிட ஒரு குழாய், நாள் வாடகை என்று வரைபடத்திலேயே இடம் குறித்துவிட்டால் இந்தத் துயரம் வராது.

இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தெருவோர வியாபாரிகள் 50 ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்துவரும் இயற்கைச் சந்தையை, அதாவது வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகத் தாமே கூடும் இடத்தை, பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து அவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. நம் ஊரில் எந்தெந்தத் தெருவும் திடலும் இதற்குள் வரும் என்று கணக்கெடுத்து, தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர்கள் மாற்ற நினைத்தாலும் எளிதில் முடியாது.

மாட்டுச் சந்தைக்கு நான் கேட்பது பெரிய செலவில்லை. மாடு காலை உடைத்துக்கொள்ளாமல் ஏற்றி இறக்கச் சரிவு மேடை, தண்ணீர்த் தொட்டி, நிழல், ராத்திரி முழுவதும் எரியும் விளக்கு, கால்நடை மருத்துவர் ஒருவர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. அப்புறம் சுங்கம். ஒரு மாட்டுக்கு எவ்வளவு, ஒரு கூடைக்கு எவ்வளவு என்று எல்லா வாசலிலும் பெரிய எழுத்தில் பலகை இருக்க வேண்டும், வாங்கும் காசுக்கு அச்சடித்த ரசீது கொடுக்க வேண்டும். சுங்கம் வசூலிக்கும் குத்தகையை அதிகத் தொகைக்கு விடுவது நகராட்சிக்கு வருமானம்தான். ஆனால் அந்தத் தொகை மாட்டுக்காரர் தலையில் ஏறினால் அடுத்த வாரம் அவர் வேறு சந்தைக்கு ஓட்டிப் போவார். போனவர் திரும்பி வருவது கஷ்டம்.

அடுத்தது முறுக்கு. அரிசி மாவில் ஓமம், சீரகம், எள் சேர்த்து, அச்சில் பிழிந்து, பாதி வேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுப்பதுதான் மணப்பாறை முறுக்கின் பக்குவம். இந்த ஊர்த் தண்ணீரின் உப்புச் சுவைதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரயில் நின்று போகிற ஒரு நிமிடத்தில் ஜன்னல் வழியாக விற்றே நாடு முழுக்கப் பேர் வாங்கிய பண்டம் இது. 2023-இல், இந்த ஊருக்கே உரிய பண்டம் என்று காட்டும் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தோஷப்பட்டோம். ஆனால் குறியீடு கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. முறுக்குச் சுடும் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியாகப் பதிவு செய்தால்தான் அந்த முத்திரையை முறையாகப் போட்டு விற்க முடியும். அதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பணம் ஒரு தடையே இல்லை. படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க ஆள் இல்லாததுதான் தடை. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அலுவலகம் அலைய நேரம் ஏது? நகராட்சி ஒரு வாரம் முகாம் போட்டு, வீதி வீதியாகப் போய்ப் பதிவு செய்து கொடுக்கலாம்.

வேறு எங்கோ சுட்டு "மணப்பாறை முறுக்கு" என்று அச்சடித்து விற்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் வழி இருக்கிறது. பொய்யான புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தனி ஒருவர் வழக்குக்கு அலைய மாட்டார். சங்கமாக நின்றால் முடியும். சங்கம் இருந்தால் எண்ணெய் டின்னையும் அரிசியையும் மொத்தமாக வாங்கலாம், பொதுவான இடத்தில் பொட்டலம் போடலாம். அதில் மிச்சமாகும் காசு கூலிக்கு முறுக்குப் பிழியும் பெண்களுக்கும் போக வேண்டும். நாள் முழுக்க எண்ணெய்ச் சூட்டில் உட்காருகிறவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது விஷயத்தைப் பற்றி நம் ஊரில் இன்னும் பேச்சே எழவில்லை. மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு காகித நிறுவனத்தின் அட்டை ஆலை 2016 முதல் ஓடுகிறது. பக்கத்திலேயே சிப்காட் தொழிற்பூங்கா. ஊருக்குள் அரசு மருத்துவமனை, பள்ளிகள், விடுதிகள். இவை எல்லாம் தினமும் காய்கறி, பால், முட்டை, சீருடை, தச்சு வேலை, வண்டி வாடகை என்று செலவு செய்கின்றன. அந்தச் செலவில் எவ்வளவு நம் வட்டாரத்துக்குள் வருகிறது?

இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊர் இந்தக் கேள்வியைக் கேட்டது. பல ஆண்டுகளாக நம்பியிருந்த பெரிய வணிக வளாகத் திட்டம் 2011-இல் கைவிட்டுப் போன பிறகு, நகர மன்றமும் கல்லூரி, காவல்துறை போன்ற நிறுவனங்களும் தங்கள் கொள்முதல் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தன. 2012-13-இல் அவை செலவழித்ததில் 5 சதவீதம்தான் அந்த ஊர் வியாபாரிகளுக்குப் போயிருந்தது. டெண்டர்களைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார்கள், ஊர்க்காரர்களுக்குத் தகவல் சொன்னார்கள். 2016-17-இல் அது 18 சதவீதத்தைத் தாண்டியது. அவர்கள் சட்டமும் நிலைமையும் வேறு. நாம் நம் டெண்டர் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் செய்ய முடியும். ஆனாலும் கணக்கெடுக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. காலை உணவுத் திட்டத்துக்குக் காய்கறியை உள்ளூர்ச் சந்தையில் வாங்குவதில் தொடங்கலாம். ஆலை நிர்வாகங்களை அழைத்து உட்கார்ந்து பேசலாம். நகர்மன்றம் கூப்பிட்டால் வருவார்கள்.

வணிகர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஊர்க்கடையில் வாங்குங்கள் என்று ஜனங்களிடம் சொன்னால் மட்டும் போதாது. விலை எழுதி ஒட்டுங்கள், பில் கொடுங்கள், கெட்டுப்போன சரக்கை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள். போனில் சொன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற வேலையைப் பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு பையனை வைத்தே செய்யலாம். கடனுக்குக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தவர்கள் நீங்கள். அந்த உறவு எந்தச் செயலியிலும் கிடைக்காது. அதை விட்டுவிடாதீர்கள்.

திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் போகிறவர்களை ஊருக்குள் அழைப்பது பற்றியும் யோசிக்க வேண்டும். பதிவு பெற்ற முறுக்குக்காரர்களுக்கு மட்டும் சாலையோரம் கடை ஒதுக்குவது ஒரு வழி. இதில் அனுபவம் உள்ளவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ ஒரு ஆலோசகர் எழுதித் தர வேண்டாம். 2022-இல் விதிகள் வந்த பிறகு, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த முறை அவை கூடும்போது சந்தையும் ஊர்ப் பொருளாதாரமும் தனிப் பொருளாக நிகழ்ச்சி நிரலில் வரட்டும். தரைக்கடை அம்மாக்கள், தரகர்கள், முறுக்குச் சுடுகிறவர்கள், மாட்டோடு வருகிற கிராமத்தார் ஆகியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராமத்தாருக்கு நகராட்சியில் ஓட்டு இல்லை, ஆனால் சந்தையில் பாதிப் பேர் நாங்கள்தான். புதன்கிழமை சந்தைத் திடலிலேயே ஒரு மேசை போட்டால் நாங்களும் வந்து சொல்வோம்.

அன்புடன்,
சந்தைக்கு வந்து போகும் கிராமத்தான் ஒருவன்