இளையோர் மையத்துக்குக் கூரை போட வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இறைவன் அருளாலும் உங்கள் ஆதரவாலும் இளையோர் மையத்தின் சுவர்கள் எழும்பிவிட்டன. அடுத்து கூரை. இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் மீதிப் பணம் வராவிட்டால், 9 மீட்டர் உயரத்தை 6 மீட்டராகக் குறைக்க வேண்டிவரும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். மொத்தச் செலவில் நூற்றுக்கு 82 பங்கு சேர்ந்திருக்கிறது. 18 பங்கு துண்டு விழுகிறது.

மூன்று மீட்டர்தானே என்று விட முடியாது. 13.4 மீட்டர் நீளமுள்ள இறகுப்பந்துக் களத்தில் உயரத் தூக்கி அடித்த பந்து உத்தரத்தில் மோதினால் அப்புறம் அங்கே என்ன ஆட்டம்? வண்ணமும் நாற்காலியும் பிறகு வாங்கலாம். உயரத்தைப் பிறகு சேர்க்க முடியாது.

நிலத்தை மனமுவந்து கொடுத்த நம் பெரியவர்கள், மழை நாளிலும் பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் வேண்டும் என்றுதான் கொடுத்தார்கள். அப்படி ஓர் உள்ளரங்கில்தான் 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைத் தொடங்கினார். மாடத்துக் கைப்பிடியில் கூடையைக் கட்டினார். அது 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றுவரை வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். கட்டடம் எப்படியோ, ஆட்டமும் அப்படி.

வரைபடம் போடும் முன் பிள்ளைகளையே கேட்டோம். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்வது குழந்தைகளின் உரிமை என்று 1989இன் ஐ.நா. உடன்படிக்கையே சொல்கிறது. பெண் பிள்ளைகள் கேட்டது இரண்டாவது வாசல். ஒரே வாசலில் பையன்கள் கூட்டமாக நின்றால் உள்ளே வரத் தயங்குகிறார்களாம். வியன்னா நகரப் பூங்காக்களிலும் இதே சிக்கலைக் கண்டு, 1990களில் அமைப்பை மாற்றினார்கள். சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவில் (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும்) சாய்தளம், பேசாமல் உட்கார ஓர் அறை, இவையும் நம் பிள்ளைகள் கேட்டவையே. சுவரோடு சேர்ந்து இவை முடிந்துவிட்டன.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்தில் மாதாமாதம் ஒரு பங்கு எடுத்து வைத்த தாத்தாக்கள், பாட்டிகள், விடுமுறையெல்லாம் செங்கல் சுமந்த இளைஞர்கள், பெயர் வேண்டாம் என்று உறையை மட்டும் வைத்துவிட்டுப் போனவர், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த அந்தச் சிறுமி. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

வாக்குக் கொடுத்துவிட்டு இன்னும் தராதவர்களின் பெயர்களை வெளியே சொல்ல மாட்டோம். ஆனால் பிள்ளைகள் தெருமுனையில் நிற்கிறார்கள் என்று முதலில் குறை சொல்வது நாம்தான். அவர்கள் போய் நிற்க வேறு இடம் கொடுத்தோமா?

சிறு தொகையானாலும் சரி, பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 30ஆம் தேதி இரவு வரை அலுவலகம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
மையக் கட்டடக் குழு