பர்மிங்காம் கடிதமும் உன் கட்டுரையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கட்டுரை வந்தது, படித்தேன். இலக்கணப் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாட்ஸாப்பில் இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் சொல்ல வேண்டியது அதில் அடங்காது. நிதானமாக உட்கார்ந்து படி.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை உங்கள் பேராசிரியர் கொடுத்ததில் எனக்கு சந்தோஷம். நீ அதை மூன்றாகக் கூறு போட்டுவிட்டாய். ஈதோஸுக்கு (பேசுகிறவன்மேல் வரும் நம்பிக்கை) ஒரு பத்தி, பேதோஸுக்கு (கேட்பவனின் உணர்ச்சியைத் தொடுவது) ஒரு பத்தி, லோகோஸுக்கு (தர்க்கம்) ஒரு பத்தி. ஒவ்வொன்றின் முடிவிலும் 'இதன் மூலம் கிங் வாசகரைக் கவர்கிறார்' என்று ஒரு வரி. எந்த வாசகரை? அது கட்டுரை முழுக்க எங்கேயும் இல்லை. அங்கிருந்துதான் நீ தொடங்கியிருக்க வேண்டும்.

1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. இனப் பிரிவினையை எதிர்த்து நடந்த போராட்டத்தில், ஊர்வலம் போகக் கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறியதற்காக கிங் கைதாகிறார். அதே தேதியிட்டு, பர்மிங்காம் இருக்கும் அலபாமா மாநிலத்தின் எட்டு வெள்ளைக்கார மதத் தலைவர்கள் ஓர் அறிக்கை விடுகிறார்கள். அதில் கிங்கின் பெயர்கூட இல்லை, 'வெளியாட்கள்' என்றுதான் இருக்கிறது. போராட்டம் விவேகமற்றது, காலமறியாதது, பொறுத்திருங்கள் என்பது சாரம். அந்த எட்டுப் பேரில் புராட்டஸ்டன்ட் தலைவர்கள் இருந்தார்கள், ஒரு கத்தோலிக்க ஆயர் இருந்தார், ஒரு யூத ரபியும் இருந்தார். கிங்கின் கடிதம் அவர்களுக்கு. தேதி ஏப்ரல் 16. செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கி, கிடைத்த துண்டுக் காகிதங்களில் தொடர்ந்து, கடைசியில் வக்கீல்கள் விட்டுப்போன தாளில் முடித்திருக்கிறார்.

இந்த எட்டுப் பேரை மனதில் வைத்துக்கொண்டு அவர் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார் என்று பார். அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்பதற்குப் பழைய கிறிஸ்தவ ஞானி அகஸ்டின். அடுத்து தாமஸ் அக்வினாஸ், கத்தோலிக்கர் தட்ட முடியாத பெயர். அதற்கடுத்து மார்ட்டின் பூபர், யூத சிந்தனையாளர். பிறகு பால் டிலிக், புராட்டஸ்டன்ட். நீ இதை 'பல அறிஞர்களைக் குறிப்பிட்டு ஈதோஸை உயர்த்திக்கொள்கிறார்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். படிப்பைக் காட்டிக்கொள்ள அடுக்கிய பெயர்கள் இல்லை அவை. அந்த எட்டுப் பேரும் அவரவர் வேதபாட வகுப்பில் கற்ற பெயர்களையே எடுத்து அவர்கள் முன் வைக்கிறார்.

ஈதோஸ் என்றால் பேசுகிறவன்மேல் கேட்பவனுக்கு வரும் நம்பிக்கை. அது அவனுடைய பழைய புகழிலிருந்து வரக் கூடாது, பேச்சுக்குள்ளேயே உருவாக வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். அப்படியானால் அதை எங்கே தேடுவது? வாக்கியத்தில்தான் தேட வேண்டும். கடிதத்தின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள். பர்மிங்காம் நகரச் சிறையில் அடைபட்டிருக்கும்போது உங்கள் அறிக்கையைப் பார்த்தேன் என்று தொடங்குகிறது. 'நான் சிறையில் இருக்கிறேன்' என்பது அங்கே முதன்மை வாக்கியம் இல்லை. 'வைல்' (while) என்ற சொல்லுக்குப் பின்னால், துணை வாக்கியத்தில், போகிற போக்கில் வருகிறது. முதன்மை வாக்கியம் 'உங்கள் அறிக்கையைப் பார்த்தேன்' என்பதுதான். இதைத் திருப்பிப் போட்டால் புலம்பலாகிவிடும். சிறையைச் சின்ன விஷயமாக்கி, அவர்கள் அறிக்கையைப் பெரிய விஷயமாக்குகிறார், அந்த மரியாதையிலேயே அவருடைய தரம் தெரிந்துவிடுகிறது. அடுத்து, வருகிற விமர்சனத்துக்கெல்லாம் பதில் எழுதினால் என் செயலாளர்களுக்கு வேறு வேலை செய்ய நேரம் இருக்காது என்கிறார். எழுதத் தாள் இல்லாத மனிதர் சொல்வது இது! அவர்கள் 'வெளியாள்' என்று ஒதுக்கியவர், ஓர் அமைப்பின் தலைவராக நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்.

நம் ஊர்ப் பரீட்சையில் சிம்பிளை காம்ப்ளெக்ஸாக மாற்று, காம்ப்ளெக்ஸை காம்பௌண்டாக மாற்று என்று ஒரு கேள்வி உண்டே, ஞாபகம் இருக்கிறதா? 'பொருள் மாறாமல்' மாற்ற வேண்டும். தகவல் மாறாதுதான். ஆனால் எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் ஒதுங்குகிறது என்பது மாறிவிடும். இத்தனை வருஷம் ஐந்து மதிப்பெண்ணுக்காக நீ செய்த வேலைக்கு உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

லோகோஸ் பத்தி பரவாயில்லை. நீதியான சட்டம், அநீதியான சட்டம் பற்றிய வாதத்தை ஒழுங்காக எடுத்துச் சொல்லியிருக்கிறாய். ஒன்றே ஒன்று விட்டுப்போச்சு. மனித ஆளுமையை உயர்த்தும் எந்தச் சட்டமும் நீதியானது, மனித ஆளுமையைத் தாழ்த்தும் எந்தச் சட்டமும் அநீதியானது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே அச்சில் வார்த்தவை, வினைச்சொல்லும் கடைசிச் சொல்லும் மட்டும் மாறுகின்றன. முதலாவதை யாரும் மறுக்க மாட்டார்கள். அதற்குத் தலையாட்டியவர் இரண்டாவதற்கும் ஆட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் அமைப்பு ஒன்றுதான். மூன்றாவதாக, இனப் பிரிவினைச் சட்டங்கள் எல்லாமே அநீதியானவை என்று வந்து நிற்கும்போது பின்வாங்க வழி இல்லை. தர்க்கத்தை இழுத்துப்போவதே அந்த இணை அமைப்புதான்.

இப்போது பேதோஸ். இங்கேதான் எனக்கு உன்மேல் கோபம். முந்நூறு சொற்களுக்கு மேல் ஓடும் ஒரு வாக்கியம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நீ அதிலிருந்து அவருடைய சின்ன மகளை மட்டும் பிடுங்கிக்கொண்டு, 'குழந்தையைக் குறிப்பிட்டு இரக்கத்தைத் தூண்டுகிறார்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியம் ஏன் அவ்வளவு நீளம் என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தோன்றாததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் வினைமுற்று வழக்கமாகக் கடைசியில்தான் வரும். 'மழையில் நனைந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, பாதி தூரம் நடந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தேன்' என்றால், அந்த 'சேர்ந்தேன்' வரும்வரை காத்திருப்பது நமக்குச் சுபாவம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் எழுவாயும் வினையும் முதலிலேயே கைக்கு வந்துவிடும், மீதியெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். முதன்மை வாக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது அங்கே வேண்டுமென்றே செய்கிற காரியம். பீரியாடிக் சென்டென்ஸ் என்று உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். நமக்கு உறைக்காது. அதனால் சத்தமாகப் படித்துப் பார், உறைக்கும்.

'வென் யூ', 'வென் யூ' (when you) என்று வந்துகொண்டே இருக்கிறது. வெறிபிடித்த கும்பல் உங்கள் தாய் தந்தையரை அடித்துக் கொல்வதைப் பார்த்திருந்தால், போலீஸ்காரன் உங்கள் சகோதரனை உதைப்பதைப் பார்த்திருந்தால், டிவியில் விளம்பரம் வந்த பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று ஆறு வயது மகளுக்குச் சொல்ல வாய் குழறினால், நீண்ட பயணத்தில் எந்த விடுதியும் இடம் தராமல் ராத்திரிக்கு ராத்திரி காரிலேயே தூங்க நேர்ந்தால், எத்தனை வயதானாலும் 'பாய்' (boy, பொடியன்) என்றே உங்களைக் கூப்பிட்டால், உங்கள் மனைவியையும் தாயையும் 'மிஸஸ்' என்று யாருமே மரியாதையாக அழைக்காவிட்டால். நடுவில் முற்றுப்புள்ளியே கிடையாது, அரைப்புள்ளிகள் மட்டும்தான். எல்லாம் முடிந்து கடைசியில்தான் முதன்மை வாக்கியம் வருகிறது: எங்களுக்குக் காத்திருப்பது ஏன் கடினம் என்று அப்போது உங்களுக்குப் புரியும்.

அவர்கள் சொன்னது 'காத்திருங்கள்' என்று. அவர் அவர்களை ஒரு வாக்கியத்துக்குள் காத்திருக்க வைத்துவிட்டார்.

இன்னொன்றும் கவனி. முழு வாக்கியத்திலும் 'நீங்கள்' தான். என் மகள் என்று சொல்லவில்லை, உங்கள் மகள் என்கிறார். வெள்ளைக்கார ஆயர் ஒருவர் அத்தனை துணை வாக்கியங்களையும் கறுப்பினத் தகப்பனாகவே வாழ்ந்து கடக்க வேண்டியிருக்கிறது. கடைசி வரியில்தான் அந்த 'நீங்கள்' உடைந்து 'நீங்கள்' வேறு, 'நாங்கள்' வேறு என்று ஆகிறது. இரக்கத்தைத் தூண்டுவது என்று நீ எழுதியதை இங்கே ஒரு பிரதிப்பெயர் செய்கிறது. கண்ணீர் வரவழைக்கும் சொற்களும் அதில் உண்டுதான், ஆனால் காரும் விடுதியும் 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று எழுதிய பலகையும் மாதிரி அன்றாடம் கண்ணில் படுகிற விஷயங்களும் இருக்கின்றன. அவ்வளவையும் கொட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி, ஐயா, எங்கள் பொறுமையின்மை நியாயமானது என்று உங்களுக்குப் புரியும் என நம்புகிறேன் என்று ஒரு சின்ன, பணிவான வாக்கியம் போடுகிறார். அது ஈதோஸா பேதோஸா? பிரித்துச் சொல்ல எனக்குத் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை.

கடைசிப் பகுதியை நீ தொடவே இல்லை. அங்கே இரண்டு வாக்கியங்கள் ஜோடியாக நிற்கின்றன. நான் உண்மையை மிகைப்படுத்தியிருந்தால் நீங்கள் மன்னியுங்கள் என்பது ஒன்று. உண்மையைக் குறைத்துச் சொல்லி, சகோதரத்துவத்துக்குக் குறைவான எதையும் ஏற்றுக்கொள்ளும் பொறுமை எனக்கு இருப்பதாகக் காட்டியிருந்தால் கடவுள் மன்னிக்கட்டும் என்பது இன்னொன்று. மறுபடியும் ஒரே அச்சு. மன்னிக்க வேண்டியவர் மட்டும் மாறுகிறார். மதத் தலைவர்களிடம் மிகை சின்னத் தவறு, குறை பெரிய பாவம் என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா?

அவர் எழுதியதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று நினைக்காதே. முடிவில் இனவெறியின் கருமேகங்களும் அன்பின் நட்சத்திரங்களும் வருகிறதே, அது பிரசங்க மேடைக்குச் சரி, அத்தனை கறாராக எழுதிய கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் தித்திப்பு கூடிவிட்டது. உனக்கும் அப்படித் தோன்றினால் தைரியமாக எழுது. அனாலிசிஸ் என்றால் பாராட்டுப் பத்திரம் வாசிப்பது இல்லை.

சரி, என்ன செய்யலாம்? மூன்று பத்தி அமைப்பைக் கலைத்துவிடு. எட்டுப் பேரில் தொடங்கி, கடிதம் போகிற வரிசையிலேயே நீயும் போ. ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்ற சொற்களைப் பேராசிரியர் எதிர்பார்ப்பார், எடுத்துவிடாதே. ஆனால் பெயரைச் சொன்னதும் அதே மூச்சில் எந்த வாக்கியம், அது எப்படி அமைந்திருக்கிறது, மாற்றி அமைத்தால் என்ன கெடும் என்று சொல்லிவிடு. நீள வாக்கியத்துக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் கொடு. அதற்கு இடம் பத்தாவிட்டால் கிங்கின் வாழ்க்கை வரலாற்றுப் பத்தியை வெட்டு, அது யாருக்கும் வேண்டாம்.

அப்புறம் உன் வாக்கியங்கள். 'கிங் யூசஸ்' என்று எத்தனை வாக்கியம் தொடங்குகிறது என்று நீயே எண்ணிப் பார். எல்லாம் ஒரே நீளம் வேறு. காரணத்தை முன்னால் வைக்க வேண்டிய இடத்தில் 'பிகாஸ்'ஸைக் கொண்டு தொடங்கு. பிகாஸில் வாக்கியம் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடு, முதன்மை வாக்கியம் பின்னால் வந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் என்றாய், சனிக்கிழமைக்குள் திருத்தியதை அனுப்பினால் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன். பக்க எண், மேற்கோள் காட்டும் முறை எல்லாம் உங்கள் துறையின் விதிப்படி செய்.

அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்கு பிரெட்டைத் தின்றுவிட்டுத் தூங்காதே.

அன்புடன்,
அம்மா