அந்தக் கச்சு இரும்புக் கூண்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு அரசவை உடைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 18-ஆம் நூற்றாண்டுப் பெண்கள் விலா எலும்பு நொறுங்க இரும்புக் கூண்டுக்குள் கிடந்தார்கள் என்று எழுதியிருந்தது. அது தவறு. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கட்டுரை கூண்டு என்று சொன்னது கச்சை, அதாவது கவுனுக்கு உள்ளே மேலுடம்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையை. அந்தக் கச்சை என் கையாலேயே தைத்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

போன வருடம் இங்குள்ள ஒரு பள்ளியில் நாடகத்துக்காக பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட் காலத்து கவுன் கேட்டார்கள். உள்ளாடை வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். சரி என்று மேலுடுப்பை மட்டும் தைத்தேன். ட்ரையல் பார்த்தால் மார்பெல்லாம் சுருக்கம், பாவாடை இரண்டு பக்கமும் தொய்ந்து தொங்கியது. அத்தனை நல்ல பட்டு! மனசு ஆறவில்லை. அந்த கவுன் உட்காருவது கச்சின் மேலும், இடுப்பின் இரு பக்கமும் கட்டுகிற பிரம்புக் கூட்டின் மேலும்தான்.

அப்புறம் உள்ளிருந்து ஆரம்பித்தேன். முதலில் லினனில் முழங்கால் வரை ஷெமீஸ். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போடும் சிம்மீஸ் அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். அதன்மேல் கச்சு. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் டிடரோவின் கலைக்களஞ்சியத்தில் தையல்காரர்களின் அளவும் வெட்டும் படமாகவே இருக்கின்றன. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் எனக்குப் படம் புரியும். லினனை அடுக்கி, விரல் அகலம்கூட இல்லாத குழல்களாகப் பின்தையல் போட்டு, அவற்றுக்குள் அவர்கள் செருகியது திமிங்கலத்தின் வாயில் தொங்கும் தகடு. நகம் மாதிரியான பொருள் அது, உடம்புச் சூட்டுக்கு வளைந்து கொடுக்கும். நான் பிரம்பைச் சீவிச் செருகினேன்.

கச்சை இறுக்கும் கயிறு கோக்கும் கண்களுக்குத்தான், அதாவது துளைகளுக்குத்தான், நாள் பிடித்தது. துணியை வெட்டக்கூடாது, குத்தூசியால் இழைகளை விலக்கி, காஜா எடுப்பதுபோல நூலால் சுற்ற வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு தடவுவேன். இங்கே மார்கழியில் அது கல்லாக இறுகிவிடும், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றித்தான் இழுக்க முடியும். உலோகக் கண் வந்ததே 1820-களில். வெறும் நூல் கண்ணில் மூர்க்கமாக இழுத்தால் முதலில் கிழிவது துணிதான். விலா எலும்பு எப்படி நொறுங்கும்?

அரசவைக் கச்சு மட்டும் விறைப்பானதுதான், மறுக்கவில்லை. 1770-இல் மேரி அன்டோனெட்டே அதைப் போட மாட்டேன் என்று அடம்பிடித்து, தாயார் மரியா தெரேசாவரை பேச்சுப் போனது. ஆனால் உழைக்கும் பெண்களும் கச்சு போட்டுக்கொண்டுதான் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தார்கள்.

ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நான் தைத்த கச்சு கடையிலேயே தொங்குகிறது. உங்கள் நிருபர் வந்தால் மடித்துப் பார்க்கட்டும், போட்டும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
மூஞ்சிக்கல், கொடைக்கானல்.