எங்க அன்பியத்தோட (பக்கத்துப் பக்கத்து வீட்டு கத்தோலிக்கக் குடும்பங்க கூடி செபிக்கிற குழு) 2023–24 ஆண்டறிக்கை

ஃபாதருக்கும் தலைவர் அண்ணாச்சிக்கும் வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். அறிக்கைய போன மாசமே வாசிச்சிருக்கணும், வருகைப்பதிவு நோட்டு வெள்ளத்துல ஊறி மை எல்லாம் கலைஞ்சு போச்சு, வீடு வீடா கேட்டு திரும்ப எழுதவே நாள் போயிட்டு, மன்னிக்கணும்.

ஜூன்ல இருந்து நவம்பர் வரை வழக்கம்போலதான், மாசம் ஒரு வீடு, செபமாலை, வாசகம், சுண்டல். அக்டோபர்ல மட்டும் தினமும் கூடுனோம். ஆம்பளைங்க வாறது கம்மின்னு வருசா வருசம் எழுதுறேன், இந்த வருசமும் எழுதிட்டேன்.

டிசம்பர் 17 ஞாயித்துக்கெழம. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை, நம்ம பக்கம் ஒரு வருசம் பூரா பெஞ்சாலும் அவ்வளவு வராது. மறுநாள் தூத்துக்குடிப் பக்கத்துல இருக்க கோரம்பள்ளம் குளமும் உடைஞ்சு தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, டவர் இல்ல, யாரு யாருக்கு போன் பண்ண? ஆனா எந்த வீட்டுல படுத்த படுக்கையா பாட்டி இருக்காங்க, எங்க கைக்குழந்தை, யாரு சர்க்கரைக்கு ஊசி போடுதாங்கன்னு நமக்கு மனப்பாடம், ஏன்னா எல்லா வீட்டுலயும் பாய் விரிச்சு உக்காந்திருக்கோம்லா. மாடி இருக்க வீட்டுக்கு சிலிண்டரையும் அரிசியையும் தூக்கிட்டோம். இன்சுலின் பாட்டில கவர்ல கட்டி டம்ளர்ல வச்சு மண்பானைத் தண்ணில மிதக்க விட்டாங்க ஒரு அக்கா, ஃபிரிட்ஜ் ஓடாத அத்தன நாளும் அதுதான் ஃபிரிட்ஜ். பாட்டிய வள்ளத்துல ஏத்துனோம். கடல்ல போற வள்ளத்த தெருவுல பாத்தது எனக்கு இதுதான் மொத தடவ.

இனி சொல்றது எழுதக் கஷ்டமாத்தான் இருக்கு. கடைசி லைன் வீட்டுல வாடகைக்கு இருந்த உப்பளத்துக்குப் போற குடும்பத்த நாம பாக்கவே இல்ல. நம்ம நோட்டுல அவங்க பேர் கெடையாது, வேதக்காரங்க, அதாவது கிறிஸ்தவங்க, இல்லல்லா. மூணாம் நாள் போறோம், கட்டிலுக்குக் கீழ செங்கல் அடுக்கி ரெண்டு பிள்ளைகளோட மேல உக்காந்திருக்காங்க. "உங்க ஆளுங்க சோத்துச் சட்டியோட போறத சன்னல் வழியா பாத்தோம்க்கா, கோயில்காரங்களுக்கு மட்டும்னு நெனச்சோம்"னு அந்தப் பொண்ணு சாதாரணமாத்தான் சொல்லுச்சு. எனக்கு மூஞ்சி எங்க வைக்கன்னு தெரியல.

அரசாங்கம் குடுத்த 6000 ரூபாயும் அவங்களுக்கு வரல, ரேஷன் கார்டு வேற மாவட்டத்துல கெடக்கு. ஜனவரில பாத்தி வேலை தொடங்குமேன்னு பாத்தா, அளம் பூரா சேறு, குவிச்சு வச்ச உப்பும் கரைஞ்சு போச்சு. அதனால கிறிஸ்மஸ் கேக்கு, குடில் போட்டின்னு ஒதுக்குன காச எடுத்து அவங்களுக்கும் இன்னும் சில வீட்டுக்கும் அரிசி பருப்பு வாங்கிக் குடுத்தோம். "நம்ம காசு நம்ம ஆளுக்குத்தான"ன்னு ஒரு கேள்வி வந்துச்சு, ராத்திரி பத்து மணி வரை சண்டை, கேட்டவரே மறுநாள் மூட்டைய தூக்கிட்டு வந்தாரு, அதையும் எழுதணும்லா.

புது நோட்டு இப்ப தெரு வரிசைப்படி இருக்கு, கோயில் பதிவேட்டுப்படி இல்ல. யார் என்ன சாமி கும்பிடுதாங்கன்னு அதுல கட்டமே போடல.

வரவு செலவ பொருளாளர் வாசிப்பாங்க, பலசரக்குக் கடைக்கு இன்னும் பாக்கி இருக்கு. அப்புறம், ரெண்டு பெரிய அண்டாவும் ஒரு கரண்டியும் எங்க மொட்டமாடிலயே கெடக்கு, யாரோடதுன்னு தெரியல, வந்து எடுத்துட்டுப் போங்க.