அக்காவுக்கு, ஹோட்டோக் பக்குவம்

தேஜான், தென் கொரியா
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு. திட்டணும்னா திட்டிக்கோ. டீயோட வைக்க இந்த ஊர்ப் பலகாரம் ஒண்ணு கேட்டிருந்தே.

மீன் அச்சுல சுடுற புங்ஒப்பாங் வேண்டாம். உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம்தான், மீனே கிடையாதுன்னு அம்மாவை நம்பவைக்க முடியாது. இங்கே பேர்போனது சொங்சிம்தாங் பேக்கரி. 1956-ல ரயில் நிலையத்துக்கு முன்னால ஆவியில வேகவைச்ச பன் வித்துத் தொடங்கினது. 1980-லருந்து போடுற, மேலே மொறுமொறுன்னு தூள் ஒட்டின பொரிச்ச சொபொரோ பன்னுக்கு இன்னும் வரிசை நிக்குது. ஆனா அது எண்ணெய் குடிக்கும். நமக்கு ஏத்தது ஹோட்டோக், உள்ளே சர்க்கரைப் பூரணம் வைச்சுக் கல்லுல சுடுறது, நம்ம போளிக்குச் சித்தி மகன் முறை.

மைதா 250 கிராம், ஒட்டரிசி மாவு 50. அது கிடைக்கலைன்னா மைதாவே 300 போடு; பச்சரிசி மாவு போட்டா விரிசல் விடும். ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன். வெதுவெதுப்பான பால் 200 மில்லியில பிசை, கையில ஒட்டுற பதம்தான் சரி. ஒட்டுதேன்னு மாவு தூவினா ஆறினதும் ரப்பர். இங்கே ஒரு மணி நேரம் வைக்கணும், நம்ம வெயிலுக்கு முக்கால் மணியே போதும்.

பூரணத்துக்கு நாட்டுச் சர்க்கரை 100 கிராம், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன், ஒண்ணிரண்டா பொடிச்ச வேர்க்கடலை ஒரு பிடி, மைதா ஒரு ஸ்பூன். அந்த மைதாதான் பாகைக் கெட்டியா நிறுத்தும். ஈர வெல்லம் வேண்டாம், கல்லுல போடுறதுக்குள்ளேயே கசியும்.

எட்டு உருண்டை வரும். கையில எண்ணெய் தடவிக்கிட்டு, உருண்டையைத் தட்டிப் பூரணம் வைச்சு மூடு, ஆனா மூடுற விளிம்புல எண்ணெயோ சர்க்கரையோ படவே கூடாது. பட்டா வாய் பிளந்து, பாகு கல்லுல கருகி, அடுத்த ஈடெல்லாம் கசக்கும். தோசைக்கல்லுல தாராளமா எண்ணெய் விட்டு, மூடின பக்கம் கீழே இருக்குற மாதிரி வை. அரை நிமிஷம் கழிச்சுத் திருப்பு. அப்புறம்தான் அழுத்தணும், முதல்லயே அழுத்தினா வெடிக்கும். இங்கே அழுத்துறதுக்குன்னே கைப்பிடி வைச்ச வட்டத் தகடு இருக்கு. உனக்கு டபரா அடி போதும். தீ சிறுசா இருக்கட்டும், இல்லேன்னா மேலே சிவந்தாலும் உள்ளே சர்க்கரை உருகாது. சுடச்சுடக் கொடுக்காதே, பாகு நாக்கைச் சுட்டுடும்.

எங்க தெருமுனையில ஒரு பாட்டி போடுறாங்க. யார்கிட்டயும் பேச மாட்டாங்க, காசு போடக்கூட டப்பாவைத்தான் காட்டுவாங்க. குளிர் பூஜ்யத்துக்கும் பத்து டிகிரி கீழே போன அன்னிக்கு ரெண்டு நேரமும் அதுதான் சாப்பிட்டேன். ருசிக்காகத்தான், வேற ஒண்ணும் இல்லே. ஹீட்டரும் நல்லா வேலை செய்யுது. ஆனா சர்க்கரை உருகுற வாசனை வந்தா, பொங்கலன்னிக்கு நீ அடுப்பை ஊத நான் வெல்லம் திருடித் தின்ன ஞாபகம் வந்துடுது. இந்தப் பொங்கலுக்கு யார்க்கா அடுப்பு ஊதினா?

சரி, அதை விடு. நகைக் கடனுக்கு இந்த மாசம் பாதிதான் அனுப்பியிருக்கேன். வட்டியை மட்டும் கட்டி மாமாவைத் திருப்பி வைக்கச் சொல்லு. மீதி மார்ச்சுல. அம்மா முட்டிக்கு மருந்து ஒழுங்கா சாப்பிடுறாங்களா? பட்டாவுல பேர் மாத்த சித்தப்பா கையெழுத்து வாங்கியாச்சான்னும் எழுது.

தம்பி