மணற்குன்றுகளைக் காத்தவர்களுக்கு நன்றி

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மணற்குன்றுகளுக்காக நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை, இருப்பவர்களுக்கும் தமிழ் தெரியாது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். சிகாகோவில் வேலை பார்க்கும் நான், லீவு கிடைத்தால் சவுத் ஷோர் ரயிலேறி மிச்சிகன் ஏரிக்கரைக்கு வந்துவிடுவேன். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், தேரி என்ற செம்மணல் மேடுகளில் கால் சுடச் சுட ஓடி வளர்ந்தவன். இந்த மணற்குன்றுகளை முதல்முறை பார்த்தபோது 'அட, நம்ம தேரி, நிறம்தான் வேற' என்று தோன்றியது. மணலைப் பிடித்து வைத்திருக்கும் புல்லைப் பார்த்தால் எங்கள் கடற்கரை ராவணன் மீசைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது.

அப்புறம்தான் உங்கள் கதையைப் படித்தேன். மிச்சிகன் சிட்டியில் ஹூசியர் ஸ்லைடு என்று சுமார் 200 அடி உயரக் குன்று ஒன்று இருந்திருக்கிறது. கண்ணாடி ஜாடி செய்ய அள்ளி அள்ளியே அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இப்போது அங்கே மின் நிலையம் நிற்கிறது. ஜாடிக்காக ஒரு மலை!

டோரதி பியூல் அம்மா, குன்றுகளைக் காப்பாற்ற 1952-ல் உங்கள் வீட்டில் கூடிய பெண்களுக்குத்தான் என் முதல் நன்றி. அடுத்த வருஷமே குன்றுகளுக்கு நடுவே இருக்கும் கவுல்ஸ் சதுப்பை விலைக்கு வாங்கிவிட்டீர்கள். தாவரவியலாளர் ஹென்றி கவுல்ஸ் ஆய்வு செய்த மண் இது. ஏரியை விட்டு உள்ளே நடக்க நடக்க வெறும் மணல், புல், புதர், ஓக் காடு என்று மாறிக்கொண்டே போவதை வைத்து, ஒரு நிலம் எப்படிக் காடாகிறது என்று 1899-ல் அவர் எழுதினார். நானும் நடந்து பார்த்தேன், மூச்சு வாங்கியது.

செனட்டர் பால் டக்ளஸ், நீங்கள் இல்லினாய்க்காரர். பக்கத்து மாநிலத்து மணலுக்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 1966-ல் குன்றுகளைப் பூங்காவாகக் காக்கும் சட்டம் வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் முழு வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுவில் இருந்த நல்ல குன்றுகள் அதற்குள் உருக்காலைக்கும் துறைமுகத்துக்கும் போய்விட்டன, அங்கே தோண்டிய மணலில் ஒரு பகுதி சிகாகோ பக்கத்து எவன்ஸ்டனில் ஏரியைத் தூர்க்கப் போனது. பூங்கா இன்றும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. கண்ணெதிரே நல்லதெல்லாம் போன பிறகும், போனது போகட்டும் என்று வீட்டில் உட்காராமல் மிச்சத்துக்காக நின்றீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

உருக்காலைத் தொழிலாளர்களையும் விட்டுவிடக் கூடாது. சதுப்புக்குப் பக்கத்திலேயே அணுமின் நிலையம் கட்ட வந்தபோது, விபத்து என்றால் கொதிக்கும் உலையைப் போட்டுவிட்டு ஓட முடியுமா என்று கேட்டுச் சூழல்காரர்களோடு சேர்ந்து நின்றீர்கள். 1981-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே சதுப்பின் பக்கம் நிற்பது லேசான காரியமா?

கடைசியாக, சதுப்பை மூடும் சம்புப் புல்லை முழங்கால் சேற்றில் நின்று இப்போதும் பிடுங்கிக்கொண்டிருக்கும் தன்னார்வலர்களுக்கு. போன தடவை வேடிக்கை பார்க்க வந்த என்னையும் இழுத்துவிட்டு, கையுறை கொடுத்த அக்கா, ரொம்ப நன்றி. அந்தக் கையுறை தவறுதலாக என் பையிலேயே வந்துவிட்டது. துவைத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை கொண்டுவருகிறேன்.